மூன்றாம் பாகத்துக்கு மலையில் சொன்ன தீர்ப்பு

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் மலேரியா ஊழியனாக இருந்தேன். காவலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஊர் ஊராக நடந்து, காய்ச்சல் கண்டவர்களின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வட்டமாகத் தேய்த்து, கீழே சோதனைக்கு அனுப்புவது என் வேலை. அதோடு காய்ச்சல் மாத்திரையும் கொடுக்க வேண்டும். போன வீட்டுச் சுவரில் கட்டம் வரைந்து, வந்து போன தேதியையும் சுருக்கொப்பத்தையும் எழுத வேண்டும்.

தேய்த்த ரத்தம் காய நேரம் பிடிக்கும். ஈரத்தோடு அடுக்கினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டுப் போனால் ஈக்கள் வந்து நக்கித் தகட்டைத் துடைத்தாற்போல் ஆக்கிவிடும். ஆகவே நிழலில் தகடுகளைப் பரப்பி, பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். அந்த நேரத்தில் படிப்பதற்காக ஒரு வாரப் பத்திரிகையைப் பையில் வைத்திருப்பேன்.

நெல்லிவாசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு வீட்டு மருமகள்தான் முதலில் கேட்டாள். "இன்னாண்ணா, வாய அசைச்சினே கீறீங்க? சத்தமா படிச்சா எங்களுக்கும் பொழுது போவும் இல்ல?"

அன்று முதல் சத்தமாகப் படித்தேன். ரத்தம் குடித்தே உயிர் வாழும் ஒரு ஜமீன்தாரின் தொடர்கதை அது. அவருக்குச் சாவு கிடையாது. பகலெல்லாம் பாழடைந்த அரண்மனையின் நிலவறையில் உறங்குவார். இருட்டியதும் கோரைப்பல்லோடு புறப்படுவார். பறக்கும் குதிரை, பேசும் ஆந்தை, வெள்ளி வாள் எல்லாம் அதில் உண்டு. கதையில் அவருக்கு வாய் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அந்த ஊரார் அதை விட்டுவிட்டு 'ராத்திரி ஐயா' என்றார்கள்.

முதல் இரண்டு பாகங்களிலும் ராத்திரி ஐயா ஒரு விதியை மீறவில்லை. யார் வீட்டில் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிட்டாரோ அந்த வீட்டாரை அவர் தொட மாட்டார். பசி தாங்காமல் சுவரைப் பிறாண்டுவாரே தவிர, உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். ஊருக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். அங்கேயும் அப்படித்தான். ஒரு வீட்டில் கூழ் குடித்தவன் அந்த வீட்டு ஆள். அவனுக்கு அந்த வீட்டார் கெடுதல் நினைக்கக் கூடாது. அவனும் நினைக்கக் கூடாது. நான் அந்த ஊரில் கூழ் குடிக்காத வீடு கிடையாது. அந்த மருமகள் முதலில் கூழை ஊற்றிவிட்டுத்தான் விரலை நீட்டுவாள். போன வாரம் கேட்காமல் விட்டவர்களுக்கு அவளே கதையைச் சொல்லிவிடுவாள். ஓர் இடம் தவறாது.

சில மாத இடைவெளிக்குப் பிறகு மூன்றாம் பாகம் தொடங்கியது. சில வாரங்கள் பழைய மாதிரியே போயிற்று. பிறகு ஓர் அத்தியாயம் வந்தது. ஓர் இரவு ராத்திரி ஐயா வழிப்போக்கனாக ஓர் ஏழை வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டு மருமகள் கூழ் ஊற்றுகிறாள். குடிக்கிறார். போகும்போது சுவரில் கரியால் சின்னதாக ஒரு குறி போடுகிறார். மறுநாள் இருட்டியதும் அந்தக் குறியைத் தேடி வந்து, கூழ் ஊற்றியவளின் கழுத்தில் பல்லை வைக்கிறார்.

காவலூர் டீக்கடையில் அதற்கு ஏகப்பட்ட கொண்டாட்டம்.

"படிச்சீங்களா சார்? இன்னா போடு போட்டுக்கறான்யா எழுதறவன்!" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்த வானாய்வுக் கூடத்தில் ஜீப் ஓட்டுபவர் பெஞ்சில் இருந்தார். "ரெண்டு பாகமா பல்ல வெச்சினு பஜனை பண்ணினு இருந்தாரு. இப்பதான் வேலைய பாக்கறாரு. இன்னா சார், மூஞ்சிய தொங்கப் போட்டுனு கீறீங்க? உங்க வூட்டு ஆளையா கடிச்சாரு?"

நான் டீயைக் குடித்தேன். எனக்கு அந்த அத்தியாயம் பிடிக்கவில்லை. ஆனால் அதை அவர்களிடம் விளக்கத் தெரியவில்லை.

அந்தச் சிற்றூரில் அதைப் படித்து முடித்தேன். ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டர், "மேல இன்னா எழுதிக்குது?" என்றார். அவ்வளவுதான், மிச்சம் அடுத்த வாரம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

அடுத்த சுற்றில் போனபோது சுவர்களில் என் கட்டங்கள் இல்லை. எல்லா வீட்டிலும் அந்த இடத்தில் மட்டும் சாணம் பூசியிருந்தது; சில இடங்களில் இன்னும் ஈரம் காயவில்லை. யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லீங்க", "இல்லீங்க" என்றே எல்லா வாசலிலும் பதில் வந்தது. அந்த மருமகளின் வீட்டில் மட்டும் பதிலே வரவில்லை. திறந்த கதவுக்குப் பின்னால் அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டக் குளிரில் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறதா என்று கேட்டேன். அவள் தலையசைத்தாள். அவள் கணவன் குறுக்கே வந்து நின்றான்.

"நீங்க அந்த ராத்திரி ஐயா இல்லன்னு எனக்குத் தெரியாதா சார்? நாங்க இன்னா புத்தி கெட்டவங்களா? ஆனா சொவுத்துல குறி போடறீங்க. கூழு குடிக்கிறீங்க. ரத்தம் எடுத்துனு போறீங்க. அது எங்க போவுது? ஒரு தபாவாவது வந்து, உன் ரத்தத்துல இன்னது கீது, இன்னது இல்லன்னு சொல்லிக்கீறீங்களா?"

சொன்னதில்லை. கிருமி இருந்தால்தான் கீழிருந்து தகவல் வரும், அதுவும் தாமதமாக. இல்லை என்ற தகவலை யாரும் யாருக்கும் சொல்வது வழக்கமில்லை.

ரத்தம் வேண்டாம், மாத்திரையை மட்டுமாவது விழுங்கட்டும் என்றேன்.

"ரத்தம் பாக்காமயே நோவு தெரியும்னா, இத்தினி நாளா எங்க ரத்தம் எதுக்கு சார்?"

பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் காய்ச்சல் முற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறோர் ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். நேரே ஊர்க்கவுண்டரிடம் போய், அவள் பிழைக்க வேண்டுமானால் நாள் கடத்தக் கூடாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அடுத்தது வந்துச்சா?"

வந்திருந்தது. பையில்தான் இருந்தது.

"அப்ப அத்தயும் படிங்க. ராத்திரி ஐயா இன்னா சொல்றாருன்னு கேட்டுட்டு முடிவு பண்லாம்."

புளியமரத்தடியில் ஊர் கூடியது. வழக்கு என்று வந்தால் அவர்கள் கூடும் இடம் அதுதான். அவளைக் கட்டிலோடு தூக்கி வந்து ஓரமாக வைத்தார்கள். நான் நின்றபடியே படித்தேன். ராத்திரி ஐயா மன்னிப்புக் கேட்பார், ஏதோ சாபத்தால் செய்தேன் என்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தது முகங்களில் தெரிந்தது. நானும் எதிர்பார்த்தேன். ஆனால் அந்த அத்தியாயத்தில் அவர் சிரித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் குதிரையைத் திருப்பினார்.

"எழுதுனவன இஸ்துனு வாங்க!" என்றான் ஓர் இளைஞன்.

"அவன் மெட்ராஸ்ல கீறான். இஸ்துனு வர்றதுக்கு உங்கப்பன் ரயிலு வுட்டுக்கறானா?" என்றார் ஒரு பெரியவர். ஓரிருவர் சிரித்து, உடனே அடங்கினார்கள்.

"எழுதுனவரு மறந்துட்டாரு. மொத ரெண்டு பாகத்துல இருந்தவரு இத்த செய்யவே மாட்டாரு. பேரு மட்டுந்தான் அது. உள்ள கீறவன் வேற" என்றாள் கட்டிலில் கிடந்தவள். பற்கள் மோதிக்கொள்ள, விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். "வேறயோ அதேயோ, செஞ்சது செஞ்சதுதான். கூழு குடிச்ச வூட்டுல கை வெச்சவன நாம இன்னா பண்ணுவோம்? தள்ளி வெப்போம். அவரையும் தள்ளி வெச்சாச்சு. இனிமே அவரு கதைய இந்த ஊர்ல யாரும் படிக்க வேணாம், யாரும் கேக்க வேணாம்."

எத்தனையோ வாரம் தங்களோடு இருந்த ஒருவரை அனுப்பிவைப்பது போல முகங்கள் இறுகியிருந்தன.

பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை, அவளைப் பார்த்தார். நோயாளியும் எனக்குக் கூழ் ஊற்றியவளும் அவளே என்பதால் என்னைப் பற்றிய தீர்ப்பை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"ரத்தம் எடுக்கறவரு எடுக்கட்டும். ஆனா கூழு குடிக்க வேணாம். கூழு குடிக்கணும்னா ரத்தம் எடுக்க வேணாம். ரெண்டும் ஒரே ஆளு செய்யக் கூடாது. அண்ணனே சொல்லட்டும், எது வேணும்னு."

அவள் கணவன் என்னைப் பார்த்தான். ஊரும் பார்த்தது. விடியலில் காவலூரை விட்டால் இருட்டும்வரை எனக்கு அந்தக் கூழ்தான் சாப்பாடு. ஆனால் அப்போது நினைவுக்கு வந்தது சாப்பாடு அல்ல. அந்த ஊரில் என்னை யாரும் 'சாப்டீங்களா' என்று கேட்காமல் விட்டதில்லை.

"ரத்தம்" என்றேன்.

அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினாள். விரல் நெருப்பாகக் கொதித்தது. ஊர்க்கவுண்டரே முன்னின்று ஈ ஓட்ட, அவர்கள் எல்லோர் கண் முன்னாலும் தகடு காய்ந்தது. மாத்திரையை அவள் கணவனே கரைத்துப் புகட்டினான்.

அந்தத் தகட்டைத் தபாலுக்கு விடாமல் நானே கீழே கொண்டுபோனேன். கிருமி இருந்தது. முடிவை நானே எடுத்துக்கொண்டு மலையேறி, வாசலில் நின்று அவர்களிடம் சொன்னேன். அதன் பிறகு, இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வீட்டு முடிவையும் அந்தந்த வீட்டில் போய்ச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். சுவரில் மறுபடி கட்டம் வரைய விட்டார்கள். காய்ச்சல் அவளை விட்டது. குழந்தை எடை குறைவாகப் பிறந்தது, தேறிக்கொண்டது.

காவலூர்க் கடையில் மூன்றாம் பாகம் முடியும்வரை பேச்சு ஓயவில்லை. நான் அந்தப் பத்திரிகையை நிறுத்திவிட்டேன். மலையில் கதை எப்படி முடிந்தது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அங்கு வேலை பார்த்த மிச்சக் காலம் முழுவதும் அந்த ஊரில் நான் கூழ் குடிக்கவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவேன். ஒரு மழைநாளில் அதற்கு வழியில்லாமல், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிய அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே கூழ் கிண்டும் வாசனை வந்தது. அவள் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடுகிறவன் எதிரில் எதுவும் கொடுக்காமல் நிற்க அவளால் முடியவில்லை.

சாப்பிட்டு முடித்து, மழைத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, குரல் கொடுத்தேன். கதவு திறந்தது. அவள் குழந்தையின் விரலைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள்.