காக்காவின் இடது கை

நாங்கள் காக்கா என்று கூப்பிட்ட என் அண்ணனின் இடது கை எக்ஸ்ரே படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்முனை ஆஸ்பத்திரியில், கட்டு அவிழ்த்த பிறகு எடுத்தது. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே முறிந்த எலும்பு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது. என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் விழுந்ததில் வந்த முறிவு அது. அப்போது காக்காவுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடம், சண்டைக் காலத்தில், ஒரு காலை வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை.

நான் எலும்பு படிக்கப் போனதற்கு வேறு காரணம் கிடையாது. உடல்சார் மானிடவியல் என்றால் எங்கள் ஊரான நிந்தவூரில் யாருக்கும் விளங்கவில்லை. எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு உயரம் என்று சொல்கிற படிப்பு என்றேன். "பொம்புளப் புள்ளைக்கு மையத்துக் கிண்டுற படிப்பா?" என்று மாமி, பிணம் தோண்டுகிற வேலையாக நினைத்து, முகத்துக்கு நேரே கேட்டார். மாப்பிள்ளை பேசி வந்த இரண்டு வீட்டார் அந்தக் கதையோடு நின்றுபோனார்கள். வாப்பா மட்டும் அசையவில்லை. கொழும்புக்கு பஸ் ஏறும் அன்று அலுமாரியைத் திறந்து இந்தப் படத்தை எடுத்து என் பைக்குள் வைத்தார்.

"படிச்சி முடிச்சா காக்காட கையக் கண்டா அடையாளம் சொல்லுவாய்தானே, மகள்?"

"ஓம் வாப்பா."

அந்த ஒரு சொல்லில்தான் என் பதினைந்து வருடம் ஓடியது. ஊர் ஊராகப் போய் யார் யாருடைய எலும்பையோ அளந்தேன்.

பிறகு ஒரு நாள், எங்கள் வயலுக்குப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டிய பெக்கோ இயந்திரம் ஓர் ஆளின் எலும்புகளைக் கிளறிப் போட்டது. பழைய காலத்து மையவாடி, அடக்கஸ்தலமாக்கும் என்று ஊரார் முடிவு கட்டினார்கள். மையத்தைத் தாமதிக்கக் கூடாதல்லவா. காலையில் கண்டதை நண்பகல் லுஹர் தொழுகைக்குள் கபன் துணி சுற்றி, தொழுது, அடக்கிவிட்டார்கள். முன்னின்று தொழுவித்தவர் வாப்பா. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் எனக்கு ஃபோனில் கோல் எடுத்தார்.

மறுநாள் காலை வந்து இறங்கி, சலாம்கூடச் சொல்லாமல் கேட்டேன். "இடது கைய ஒருக்காப் பாத்தீங்களா?"

"பாக்கல்ல."

"எனக்கு நேரத்தோட சொல்ல ஏலாமப் போச்சா வாப்பா? ஒரு நிமிஷ வேலை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ வந்து, இது அவன் இல்ல எண்டு சொன்னா, நான் இன்னும் எத்தின வருஷம் தேடுற? எனக்கு அது அவன்தான். உட்டுடு மகள்."

நான் விடவில்லை. நீதிமன்றத்தில் அனுமதி கேட்டுத் தோண்டலாம், ஒரு கையொப்பம் வையுங்கள் என்று கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். அவர் வைக்கவே இல்லை. படிக்க அனுப்பியவரே என் படிப்பைக் குழிக்குள் போட்டு மூடிவிட்டார் என்ற ஆத்திரத்தில் மூன்று பெருநாளைக்கு வீட்டுப் பக்கம் போகவில்லை. போன வருடம் அவரும் மௌத்தாகி, அந்தக் குழிக்கு அடுத்த குழியில் அடங்கிவிட்டார். என் ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

உம்மா எப்போதோ போய்விட்டதால் இப்போது கையொப்பம் வைக்க வேண்டியவள் நான்தான். தோண்ட அனுமதி கேட்கும் விண்ணப்பம் நிரப்பப்பட்டு மேசையில் கிடக்கிறது. இன்று காலையும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோணலைப் பார்த்தேன். 'இது உங்கள் மகன் இல்லை' என்று எத்தனை தாய்மாரிடம் குரல் நடுங்காமல் சொல்லியிருக்கிறேன். கையொப்பம் வைக்கப் பேனாவை எடுத்தேன், வைக்காமலே கீழே போட்டேன். கடைசியில் படத்தை உறைக்குள் போட்டு அலுமாரியைப் பூட்டினேன்.