தவளைக்காகச் சாத்திய ஜன்னல்கள்

மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது தன் தவளைகள் இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டாள். இவை கரையேறுகிற தவளைகள் இல்லை. ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்தான். மூச்சுக்கு மட்டும் மேலே வந்து மூக்கை நீட்டிவிட்டு மறுபடி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இதைப் போய் யாராவது வளர்ப்பார்களா என்று முணுமுணுத்தவன், கொஞ்ச நாளிலேயே பேப்பரைப் பிரிக்கும் முன் தொட்டியை எட்டிப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். "ஊட்டுக்கு வர்றவங்க தவளையக் கும்புட்டுப்போட்டுத்தான் உக்காரோணுமாட்ட இருக்குதுங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

எங்கள் ஊர் மண்ணரை. வீட்டை ஒட்டியே ஒரு தகர ஷெட் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் அங்கே பனியன் துணி நிட்டிங் மெஷின் ஓட்டினேன். அதை விட்டபிறகு, தெற்கத்திக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். அவர் சில பெண்களை வைத்துப் பனியன் தைத்துக் கொடுக்கிறார். ஷெட் ஜன்னல்களுக்கு நேர் எதிரே எங்கள் ஹால் ஜன்னல். அதன் கீழேதான் தவளைத் தொட்டி.

ஒருநாள் காலையில் ஒரு தவளை புழுவைத் தொடவில்லை. வெளிறிப்போய் மூலையில் கிடந்தது. உற்றுப் பார்த்தால் கையிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாய் இழைகள் தொங்கின. பார்த்ததுமே பஞ்சு என்று முடிவு கட்டிவிட்டேன். மெஷின் ஓட்டிய காலத்தில் தலையைத் தட்டாமல் வாசற்படி ஏற விடமாட்டாள் மனைவி. காலையில் துடைத்த டி.வி. மேல் சாயங்காலம் மறுபடி பஞ்சு படிந்திருக்கும். பஞ்சைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுக்க வேண்டும்? எதிர் ஜன்னலில் ஓவர்லாக் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

நேரே ஷெட்டுக்குள் போனேன். "உங்க பஞ்சு முச்சூடும் எங்கூட்டுத் தொட்டிக்குள்ளதானுங்க உளுகுது. தவள சாகக் கெடக்குது. ஜன்னலெல்லாம் சாத்திக்கோங்க. முடியாதுன்னா வேற எடம் பாத்துக்கோங்க" என்றேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி, சாத்திருதேன்" என்றார். என் ஜன்னலை நானே சாத்திக்கொள்ளலாமே என்று தோன்றவே இல்லை. எனக்குக் காற்று வேண்டுமே.

அப்போது சித்திரை வெயில். சாத்திய ஜன்னல்களின் இடுக்குகளில் வேஸ்ட் துணியைச் செருகி அடைத்திருந்தார் அவர். டீ நேரத்தில் அந்தப் பெண்கள் வெளியே வந்து எங்கள் சுவர் நிழலில் நின்றார்கள். எல்லார் முகத்திலும் வியர்வை ஊற்றியது.

"ஏனுங்க, உள்ள வெந்து போவாங்களுங்க" என்றாள் மனைவி.

"பழகிக்குவாங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் மத்தியானம் அந்தப் பஞ்சை எடுத்துவிடலாமென்று இடுக்கியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். தவளை திடீரென்று நெளிய ஆரம்பித்தது. காலை உதைத்தது, முதுகை வளைத்தது. சின்னப் பிள்ளை பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது போல, அந்த வெள்ளையை மொத்தமாக இழுத்து, இரண்டு கையாலும் வாய்க்குள் திணித்து விழுங்கிவிட்டது. பிறகு பளபளவென்று மேலே வந்து ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு போனது.

மகளுக்கு ஃபோன் போட்டேன். "அது தோலுரிக்குதுப்பா. உரிச்சத அதுவே தின்னுக்கும். கெளம்பற அன்னிக்கே சொன்னனல்லோ" என்றாள். சொல்லித்தான் இருப்பாள். என் காதில்தான் ஏறவில்லை.

செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. என் சொந்த ஷெட்டுக்குள் என்னால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. அவர்கள் நேற்றிலிருந்து அதற்குள்தான் உட்கார்ந்து தைக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது பஞ்சு இல்லீங்க. தவளையோட தோலாமுங்க. நாந்தான் தெரியாமப் பேசிப்போட்டேன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒருத்தியாவது சிரித்திருக்கலாம். மெஷின்கள் நின்றன. அவர் பெண்களைப் பார்த்தார், அடைத்த ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்போ ஜன்னலத் தொறந்துக்கிடட்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். அதற்கப்புறம்தான் ஒருத்தி எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை எடுத்தாள்.