மூன்று ஏப்ரல், ஒரே போட்டோ

பொய் சொன்னேன். ஒருமுறை அல்ல, மூன்று வருடம். அதுவும் இறந்துபோன ஒரு பெண்மணியின் கல்லறையைப் பற்றி.

தி. நகரில் எனக்கு நாற்பது வருடம் பல் பார்த்தவர் டாக்டர் லியூ. தாத்தா காலத்தில் சீனாவிலிருந்து வந்த குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சை மட்டும் கேட்டால் சுத்தமான மெட்ராஸ்காரர். மனைவி இறந்த பிறகு, மகனோடு இருப்பதற்காகக் கனடா போனார்.

கிளம்பும் முன் ஓர் ஏப்ரல் காலை, என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். வசந்தத்தில் சீனர்களுக்கு சிங்மிங் என்றொரு பண்டிகை. முன்னோரின் கல்லறைக்குப் போய்ப் பெருக்கிச் சுத்தம் செய்து, படையல் வைத்துக் கும்பிடும் நாள்.

மனைவியின் கல்லறையில் டாக்டர் தானே புல் பிடுங்கினார். தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்த்தார். ஊதுபத்தி, மூன்று சின்னக் கோப்பைகளில் டீ, ஆரஞ்சு, அவித்த கோழி - கூடவே நான்கு மசால் வடை. அந்த அம்மாவுக்கு மயிலாப்பூர் வடை என்றால் உயிராம். பிறகு அங்கேயே உட்கார்ந்து, வீட்டு நியூஸ் எல்லாவற்றையும் கல்லிடம் ஒப்பித்தார். மகனுக்குப் பிரமோஷன், பேத்திக்குக் கண்ணாடி... அழவில்லை. வடையில் பாதியை என்னிடம் நீட்டினார்.

அசந்துபோனேன். என் அப்பாவின் திவசத்தன்று நான் என்ன செய்கிறேன்? வாத்தியார் எப்போது முடிப்பார் என்று கடிகாரம் பார்க்கிறேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதுண்டா?

கடைசியில் ஒரு மஞ்சள் காகிதத்தைக் கல்லறை மேல் வைத்து, பறக்காமல் இருக்கக் கூழாங்கல்லை ஏற்றினார். இங்கே இருப்பவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம். போட்டோ எடுத்துக்கொண்டேன். மீதிக் காகிதக் கட்டை என் கையில் கொடுத்தார்.

"வருசத்துக்கு ஒரு வாட்டி, சார். அவ தனியா கீறா."

போகிறேன் என்றேன். போகவில்லை. முதல் வருடம் முழங்கால் வலி. அடுத்த வருடம் வெயில். உண்மைக் காரணம் வேறு. இந்த வயதில் அந்த இடத்துக்கு அட்வான்ஸாக ஒரு விசிட் எதற்கு என்ற பயம். அதனால் பழைய போட்டோவையே அனுப்பினேன். அடுத்த முறை ஓரங்களை வெட்டி. மூன்றாம் முறை, அதாவது இந்த ஏப்ரலில், கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி...

பதிலுக்கு அவர் ஒரு வீடியோ அனுப்பினார். அவர்கள் வீட்டு மேஜையில் என் போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு வைத்திருந்தார்கள். அதன் முன்னால் டீ, ஆரஞ்சு. இரண்டு பேரக்குழந்தைகள் கை கூப்பி மூன்று முறை குனிந்து வணங்கின.

என் பொய்யை வணங்கின.

அன்றே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் சொன்னது. பதில் இல்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், கல்லில் உள்ள எழுத்துகளையும் புதுப்பித்துவிடலாம் என்று, ஈக்காட்டுத்தாங்கலில் போர்டு எழுதும் கடை ஒன்றில் கறுப்பு பெயின்ட்டும் மெல்லிய பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனேன்.

அக்கம்பக்கமெல்லாம் புது மஞ்சள் காகிதங்கள் காற்றில் படபடத்தன. அந்த அம்மாவின் கல்லைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். ஆளில்லாதவர் மாதிரி.

காலையிலிருந்து மத்தியானம் வரை ஆனது. புல் பிடுங்கினேன், கல்லைத் தேய்த்தேன். சீன எழுத்துகளில் பழைய வண்ணம் சுத்தமாக உதிர்ந்திருந்தது. எனக்கு ஒரு கோடுகூடப் புரியாது. இருந்தாலும் ஒன்று விடாமல் பள்ளம் பள்ளமாகக் கறுப்பு நிரப்பினேன். வடை வைத்தேன். காகிதம் வைத்தேன். மூன்று வருடம் வராததற்கு அந்த அம்மாவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். புதுப் போட்டோ அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"சார்... என் பேருக்கு இன்னாத்துக்குக் கறுப்பு அட்ச்ச?"

அவர் பெயரா?

கணவன், மனைவி இரண்டு பேர் பெயரையும் ஒரே கல்லில் சேர்த்தே செதுக்கிவிடுவார்களாம். போனவர் பெயருக்குக் கறுப்பு. இருப்பவர் பெயருக்குச் சிவப்பு. மூன்று முறை நான் அனுப்பிய போட்டோவில் அந்தச் சிவப்பு இருந்திருக்கிறது. ஒருமுறைகூட நான் உற்றுப் பார்க்கவில்லை.

"மூணு வருசம் அவள ஏமாத்துன. இப்ப என்னையும் மேல அனுப்சிட்டியே, சார்."

சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"செவப்பு வாங்கிக்கினு நாளைக்கே போ. அடுத்த வருசம் நானே வரேன். உன்ன நம்பி இனி எதையும் வுட முடியாது."

நியாயம்தானே?

மறுநாள் போய்ச் சிவப்பு அடித்துப் போட்டோ எடுத்தேன். கல்லறைப் பக்கத்தில் அன்றைய பேப்பரையும், தேதி தெரிகிற மாதிரி, விரித்து வைத்து.