நான் லெமினேட் செய்த சீன ஓவியம்

என் கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் உங்களுக்குச் சிரமம் தரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாரியில் கிளிநொச்சியில் நடந்தது இது. நான் ஓட்டோ ஓட்டுகிறேன். வெளிநாட்டுப் பத்திரிகையாளரான ஓர் அம்மா, மொழிபெயர்க்க ஒரு தங்கச்சியுடன், ஒரு கிழமை என் ஓட்டோவில்தான் திரிந்தார். அவரிடம் மெல்லிய தாளில் கறுப்பு மையால் வரைந்த ஒரு கொக்கு இருந்தது. இங்கே வருவதற்கு முன் சீனாவில் ஒரு முதிய ஓவியர் பரிசாகக் கொடுத்ததாம். முல்லைத்தீவுக்குப் போய் மீனவர்களோடு வள்ளத்தில் ஏறவிருந்த அன்று, அதை என்னிடம் தந்தார்கள்.

"நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கோ அண்ணை. அவாவுக்கு இது உயிர்," என்றார் தங்கச்சி.

எங்கள் வீட்டில் நனையக் கூடாத எல்லாவற்றையும் லெமினேட் செய்துதான் வைத்திருக்கிறோம். கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னாள் மனைவி. போன் எடுத்துக் கேட்க எனக்குக் கூச்சம். போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து, பளபளவென்று வாங்கி வந்தேன். பெருமையாகவும் இருந்தது.

இரண்டு நாளில் அதை வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எடுத்து நீட்டினேன். தங்கச்சியின் முகம் வெளிறியது.

"என்ன அண்ணை செய்துபோட்டியள்? இனி இதைக் கழட்டேலாது."

அந்த அம்மா பிளாஸ்டிக்கின் மேல் விரலால் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மனைவிதான் உள்ளே போய் எங்கள் பத்திரங்கள் உள்ள பையைக் கொண்டுவந்தாள். மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். போரில் இடம்பெயர்ந்தபோது மழையில் நனைந்து, எழுத்தெல்லாம் போய், நீலக் கறை மட்டும் மிஞ்சிய தாள். அதையும் லெமினேட் செய்துதான் வைத்திருக்கிறோம்.

"நனையிறதெண்டால் இவருக்கு இதுதான் ஞாபகம் வரும், பிள்ளை. சொல்லுங்கோ அவாவுக்கு."

தங்கச்சி சொல்லி முடித்த பிறகும் அந்த அம்மா அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

சில மாதங்களின் பின் தங்கச்சி போன் எடுத்தார். நடந்ததை அந்த அம்மா ஓவியருக்கு எழுதினாராம். தான் வரைந்த கொக்குகளில் மழைக்குப் பயப்படாதது இது ஒன்றுதான் என்று அவர் பதில் எழுதியிருந்தாராம்.

"அப்பிடியே பிளாஸ்டிக்கோடை சுவரிலை மாட்டியிருக்கிறா அண்ணை."

கேட்காமல் செய்தது பிழைதான். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் வீட்டில் யாராவது எதையாவது பழுதாக்கினால், ஏசுவதற்கு முன் ஏன் செய்தாய் என்று கேட்கிறேன். அந்த அம்மா என்னிடம் காட்டிய பொறுமையை அப்படித்தான் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிகிறது.

எழுதி முடித்தது: ஆனி 14, ஞாயிற்றுக்கிழமை.