ஓட்ட ஆளில்லாத ரேஸ் சைக்கிள்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பேன். எங்கள் கடையில் அமாவாசைக்கு அமாவாசை அண்ணன் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிப்பார், பக்கத்தில் நின்றுகொண்டு இதைக் கூட்டு வைத்திருந்தால் பத்துப் பேர் சாப்பிட்டிருக்கலாமே என்று வயிற்றெரிச்சல் படுகிற ஆள் நான். பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, அதுவும் பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது இது.

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் அண்ணனுடைய பாத்திரக்கடையில் நான் கூடமாட இருந்தேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம், என் மனைவி மல்லிகா பிரசவத்துக்காக மந்தைவெளியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். முதலில் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் அவளுக்கு ஏகப்பட்ட பயம். வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வலி வரும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். வேற எதுவும் வேண்டாம்." இருக்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

கடையை விட்டு மந்தைவெளிக்குப் போய்ப் போய் வர ஒரு வண்டி வேண்டும். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே எனக்கு ரேஸ் சைக்கிள் மேல் ஒரு கிறுக்கு, ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், கியர் எல்லாம் வைத்தது. புதுசு விசாரித்தால் கடைக்காரன் சொன்ன விலைக்கு நான் கடையில் எத்தனை குடம் விற்க வேண்டும் என்று யோசித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்போதுதான் பாண்டி பஜார் பக்கம் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது, இன்டர்நெட்டில் பழைய சாமான் விளம்பரமெல்லாம் போடுகிறார்கள் என்று ஒரு சிநேகிதன் கூட்டிப் போனான். தேடினோம். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது, முதலில் ஹேண்டில்பார், பிறகு நீல நிற ஃபிரேம், அது சக்கரம் வரை இறங்குவதற்குள் நான் மனதுக்குள் வாங்கியே விட்டேன். அதிகம் ஓட்டாதது, பாதி விலை, வீட்டில் ஓட்ட ஆளில்லை என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ஏன் ஆளில்லை என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை.

அண்ணனிடம் சொன்னதற்கு ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டார். "ஏல, பொண்டாட்டியப் பாக்கப் போறதுக்கு வளைஞ்ச ஹேண்டில் கேக்குதோ? வாங்குனா புதுசா வாங்கு, இல்லன்னா பஸ்ல போ. அடுத்தவன் ஏறுன வண்டி யார் பேச்சக் கேக்கும்னு யாருக்குல தெரியும்?" பழைய பித்தளையை எடைக்கு எடுத்து உருக்கி வியாபாரம் பண்ணுகிற மனுஷன் சொல்கிற பேச்சா இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

விளம்பரம் போட்டிருந்தது அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண். சைக்கிள் அடையாறு காந்தி நகரில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தது. மெயிலிலேயே விலை பேசி முடித்தோம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள், அம்மாவிடம் ரொம்பப் பேச்சுக் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள் என்று. வயசானவர்கள் விலையை ஏற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

போனேன். மாமி மெலிந்த உருவம், நல்ல மரியாதை, வாங்கோ, உட்காருங்கோ என்று மோர் கொடுத்தார். வண்டியை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார், ஹேண்டிலில் குங்குமம். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, ஜன்னல் மேல் வைத்துவிட்டார். நான் வண்டியை வெளியே தள்ளியபோது, அதுவரை வாங்கோ போங்கோ என்றவர், திடீரென்று ஒருமைக்கு மாறினார்.

"போயிட்டு வா."

வண்டியிடம் சொல்கிறாரா என்னிடமா என்று தெரியவில்லை. இருந்தாலும் சும்மா போக முடியுமா, "வரேன்மா" என்றேன்.

"வருவியோன்னோ?"

"கண்டிப்பா வரேன்மா."

நீங்களே சொல்லுங்கள், நம் வாயில் 'போறேன்' என்று வருமா? வீட்டு வாசலில் அப்படிச் சொன்னால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள். பால்காரர்கூட 'வரேன்மா' என்றுதான் கிளம்புகிறார், அதற்காக அவரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாராவது எதிர்பார்க்கிறோமா? அப்படித்தான் நானும் சொன்னேன். சொன்னதை மறந்தும் போனேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவைப் பார்க்கக் கிளம்பினேன். தேனாம்பேட்டை வந்து மவுண்ட் ரோட்டைக் குறுக்கே தாண்டினால் எல்டாம்ஸ் ரோடு, ஆழ்வார்பேட்டை, லஸ், அவ்வளவுதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். ஏதோ யோசனையில் மிதித்துக்கொண்டு போனவன் நிமிர்ந்து பார்த்தால் அடையாறுக்குப் போகிற கோட்டூர்புரம் பாலத்தின் நடுவில் இருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருப்பிக்கொண்டு வந்தேன், மாமியாரிடம் டயர் பஞ்சர் என்று ஒரு பொய் சொன்னேன்.

அடுத்த முறை நன்றாகப் பார்த்துத்தான் ஓட்டினேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போதே, நம்பினால் நம்புங்கள், அந்த வீட்டு வாசலில் நிற்கிறேன். கேட் திறந்து கிடந்தது. மாமி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், ஆச்சரியமே படவில்லை. தானாகவே பேச ஆரம்பித்தார். வண்டி அவருடைய பிள்ளை ரகுவுடையதாம். ஏதோ வாக்குவாதம், விடியற்காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருக்கிறான். "வண்டி மணல்ல கெடந்ததுன்னு கொண்டுவந்து குடுத்தா. அவன் வரலை. கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்லை." நான் பக்கத்தில் ஒரு வேலையாக வந்தேன் மாமி என்று உளறிவிட்டு, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் மாதிரி கிளம்பினேன். போகும் அவசரத்திலும், பாழாய்ப்போன வாய், 'வரேன் மாமி' என்றது.

மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் ஹேண்டிலைக் காட்டினேன், வலது பக்கம் இழுக்கிறது என்று. கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "ஹேண்டில் ஸ்ட்ரெய்ட்டாத்தான் கீது நைனா. ரேஸ் வண்டிய மாமியார் வூட்டுக்கு ஓட்டிக்கினு வந்தா அதுக்கும் கோவம் வராதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியை அன்றைக்கே விற்றுத் தொலைத்திருக்கலாம். ஆனால் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டுமே, 'நான் அப்பவே சொன்னேன்லா' என்று வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவாரே. அந்த வீம்புதான்.

அப்புறம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போன் வந்தது. மாமியார். "மாப்ள, வலி எடுத்துட்டு. மயிலாப்பூர் நர்சிங் ஹோமுக்குக் கூட்டியாந்துட்டோம். உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா, சீக்கிரம் வாங்க." ரங்கநாதன் தெரு முனை முழுக்கக் கூட்டம், ஆட்டோ உள்ளேயும் வர முடியாது வெளியேயும் போக முடியாது. வாசலில் சைக்கிள் நின்றது. ஏறி மிதித்தேன். இந்தத் தடவை வழியை வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன், எல்டாம்ஸ் ரோடு, எல்டாம்ஸ் ரோடு என்று, பார்க்கிறவர்கள் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். தேனாம்பேட்டையில் நேரே போக வேண்டிய இடத்தில் ஹேண்டில் வலது பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், பிடித்த விரல் எனக்கே தெரிகிறது, அதில் பலம் இல்லை. குதித்துவிடலாம் என்று பார்த்தால் கால் பெடலை விட்டு வரவில்லை, மிதித்துக்கொண்டே இருக்கிறது, என் கால்தான், என் செருப்புதான், ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. நந்தனம் போயிற்று. பாலம் வந்தது. மல்லிகா, மல்லிகா என்று உள்ளே கத்துகிறேன், வாயில் மூச்சுதான் வருகிறது. பக்கத்தில் ஸ்கூட்டரில் போன ஒருவர் என்னைப் பார்த்தார், அவரிடம் காப்பாற்றுங்கள் என்று சொல்லக்கூட முடியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் அனுபவித்ததில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அதைத் துடைக்கவும் கை வரவில்லை.

கேட் திறந்திருந்தது. உள்ளே கூடத்தில் இலை போட்டிருந்தது, ஒரே ஒரு இலை, பக்கத்தில் டம்ளரில் தண்ணீர்.

"வந்துட்டியா? கை அலம்பிண்டு வா."

கை அலம்பினேன். உட்கார்ந்தேன். மாமி பரிமாறினார். பாகற்காய் போட்டு ஏதோ ஒன்று, பிட்லை என்று பெயராம், பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பாகற்காய் என்றால் ஆகவே ஆகாது, வாடை பட்டாலே எழுந்துவிடுவேன். அதைப் பிசைந்து சாப்பிட்டேன், அதோடு விட்டேனா, இன்னும் கொஞ்சம் என்று இலையைத் தொட்டுக் காட்டினேன். என் கைதான் காட்டியது. அங்கே மல்லிகா என்ன ஆனாளோ, இந்தப் பிள்ளையாவது தங்குமோ என்று உள்ளே நான் துடிக்கிறேன், வெளியே நான் ரசம் சாதம் சாப்பிடுகிறேன். மாமி எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றுமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சாப்பிடுகிற பிள்ளையைப் பார்க்கிற எந்த அம்மாவின் முகமும் அப்படித்தான் இருக்கும்.

மோர் சாதம் முடிந்தது. கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். மாமி பின்னாலேயே வந்தார்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லாம போனே. இன்னிக்காவது சொல்லிட்டுப் போடா."

'வரேன்மா' என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்குக் குலை நடுங்கியது. பழகின வாய், வேறென்ன வரும்? வாய் திறந்தது.

"போறேன்மா."

என் குரல்தான். அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டார், தலையை ஆட்டினார். பிறகு, எந்த அம்மாவும் வாசலில் நின்று சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார். "சரி. போ."

கால் என் காலாகிவிட்டது. சைக்கிளைத் தொடவே இல்லை, அங்கேயே போட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன், கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். மயிலாப்பூர் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நர்சிங் ஹோம் படியேறும்போது மாமியாரிடம் என்ன சொல்வது, மல்லிகா முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுகையாக வந்தது.

மாமியார் வராந்தாவில் சிரித்துக்கொண்டு நின்றார். "பொம்பளப் பிள்ள, பாத்தீங்கள்லா? என்ன மாப்ள, காப்பி வாங்கப் போறீங்கன்னு பாத்தா வெறுங்கையோட வாரீங்க?"

நான் இப்போதுதான் வருகிறேன் அத்தை என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை. உள்ளேயிருந்து ஆயா வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ, ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன். செவுடன் மாதிரி குந்திகினு இருந்தியே. டாக்டரம்மா என்னையத்தான் திட்னாங்க."

மல்லிகா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள், பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நீங்க மட்டும் வந்து கையப் பிடிக்கலன்னா நான் செத்தே போயிருப்பேங்க. கடைசி வரைக்கும் விடவே இல்லல்லா நீங்க."

"நான் ஏதாவது பேசினேனா?"

"எங்க பேசுனீங்க? அழுதுக்கிட்டேல்லா இருந்தீங்க. நீங்க அழுது நான் பாத்ததே இல்ல."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் இருந்த சந்தோஷத்தில் என்னவென்று சொல்ல? அமெரிக்காவிலிருந்து அந்தப் பெண் இரண்டு மெயில் போட்டிருந்தாள், வண்டி திரும்பி வந்திருக்கிறதே, பிடிக்கவில்லையா என்று. பதில் போடவில்லை. வெயிலில் மயங்கி விழுந்து கனவு கண்டேன் என்று வைத்துக்கொள்ளலாம், நானும் பல நாள் அப்படி வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆனால் அங்கே அந்த மூன்று பேரும் கனவு காணவில்லையே.

மகளுக்கு இப்போது கல்யாண வயசு. கடை, கடன், வரவு செலவு என்று நானும் எல்லாப் புருஷன்களையும் போல முசுடாகிவிட்டேன், வீட்டில் சண்டை இல்லாத வாரம் கிடையாது. எது பற்றிய சண்டையானாலும் மல்லிகா கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். போன வாரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தன வருசத்துல அந்த ஒரு நாள்தாங்க நீங்க எனக்குப் புருசனா இருந்தீங்க."