டோக்கன் நம்பரோடு ஒரு நிமிடம்

தனியாகத் தொழில் தொடங்குகிறவன் நாலு பேரைப் பார்க்க வேண்டும், கை குலுக்க வேண்டும், கார்டு கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கை குலுக்குகிற பாடம் ஒன்பதாவதில் இருந்திருக்கும் போல.

ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற ஏர் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டனன்ஸ் ஆள் நான். கேன்டீனில் நான் வாயைத் திறந்தால் நாலு டேபிள் சிரிக்கும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் "எனக்கு வேலை குடுங்க" என்று கேட்கச் சொன்னால், நாக்கு துருப்பிடித்த வால்வு மாதிரி இறுகிக்கொள்ளும்.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக சர்வீஸ் செய்யப் போகிறேன் என்றதும் என் மனைவி ஒரே நிபந்தனைதான் வைத்தாள்.

"ஒரே ஒரு கம்பெனி வருஷ கான்ட்ராக்ட் குடுக்கட்டும். அப்புறம் வேலைய விடு. அதுக்கு முன்னாடி விட்டன்னா, சோறு நீயே ஆக்கித் தின்னுக்கோ."

நான் ஆக்கும் சோற்றை நானே தின்றதில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

சிறுதொழில் செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை காலை டிபனோடு கூடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. பாகலூர் ரோட்டில் ஒரு ஓட்டல் மாடி. ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து பேச வேண்டும். நிமிடம் முடிந்தால் ஒருவர் மணியடிப்பார். அன்று எனக்கு டியூட்டி. ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு போன் போட்டு, வயிறு சரியில்லை என்று முனகிவிட்டுக் கிளம்பினேன். சட்டைப் பையில் புதிதாக அடித்த கார்டு ஐம்பது.

மாடியில் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக வடைத் தட்டுக்குப் போய்விட்டேன். வடை நம்மிடம் எதுவும் கேட்காது. மூன்றாவதை எடுக்கும்போது கதவு திறந்தது. எங்கள் கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசர், சப்ளைக்கு ஆள் தேடி, உள்ளே வந்தார்.

வாயில் இருந்த வடை அப்படியே நின்றது. கம்பெனியில் இருந்துகொண்டே வெளியே வேலை பிடிப்பது தப்பு என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மாட்டினால் டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆனவன் என்று பெயர் வந்துவிட்டால், இந்த ஊரில் ஒரு கேட்டிலும் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டான்.

ஓடிவிடலாம் என்றால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதாது. வரிசையாக ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெயின்ட் கோட்டிங், பேக்கிங் பெட்டி, லேபர் சப்ளை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி பேரைச் சொல்லாதே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள், பேரும் வேலையும் மட்டும் சொல்லு என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன். இன்னும் மூன்று பேர். இரண்டு. ஒன்று.

எழுந்தேன்.

எங்கள் கம்பெனியில் தினமும் காலையில் ஷிஃப்ட் மீட்டிங் நடக்கும். கூப்பிட்டால் முன்னால் வந்து விறைப்பாக நின்று பேர், டோக்கன் நம்பர், டிபார்ட்மென்ட் சொல்ல வேண்டும். பதினோரு வருடப் பழக்கம். நாற்பது பேர் முகத்தைப் பார்த்ததும் கால் தானாக ஒட்டிக்கொண்டது, வாய் தானாகத் திறந்தது. பேர் சொன்னேன். டோக்கன் நம்பர் சொன்னேன். மெயின்டனன்ஸ், ஏர் கம்ப்ரஸர் என்றேன். கம்பெனி பேரையும் சொல்லி, "பாதுகாப்பே முதல் கடமை" என்றும் முடித்துவிட்டேன்.

மாடியே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலையும்போது பர்ச்சேஸ் ஆபீசர் தட்டோடு பக்கத்தில் வந்தார்.

"வயிறு எப்படிப்பா இருக்குது?"

"இப்பதான் சார் கலக்குது."

"எனக்கு எல்லாம் தெரியும். காலைல உன் இன்சார்ஜ்தான் ஆளில்லன்னு பொலம்பினாரு. அஞ்சு மணிக்குள்ள நீயா போயி ராஜினாமா லெட்டர் குடுத்துட்டா மரியாதையா வெளிய வரலாம். நாளைக்கு நான் சொன்னேன்னு வெச்சுக்கோ, அது வேற மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மணி பத்தரை. என் கையில் ஒரு கஸ்டமரும் இல்லை.

படியிறங்கும்போது பின்னால் ஒரு பெண் குரல்.

"அண்ணா, நில்லுங்க. அந்தக் கம்பெனி கம்ப்ரஸரெல்லாம் நீங்களா பாக்கறது?"

ஐம்பது வயதிருக்கும். கெலமங்கலம் ரோட்டில் ரப்பர் ஷெட் வைத்திருக்கிறாராம்.

"ஆமா மேடம்."

"நம்ம ஷெட்ல காத்தே நிக்க மாட்டேங்குது. வர்றவன் எல்லாம் புது மெஷின் வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போறான். வந்து பாக்கறீங்களா?"

அவர் கார் பின்னாலேயே வண்டியை ஓட்டினேன். ஷெட்டில் கம்ப்ரஸர் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்து, ரப்பரை அச்சில் அழுத்துகிற பிரஸ் மெஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். அவர் ஆட்களிடம் கன்னடத்தில் ஒரு அதட்டல் போட்டார். ஷெட் அமைதியானதும் எங்கோ 'உஸ்' என்றது. சோப்புத் தண்ணியைக் கரைத்து, பிரஷ்ஷால் பைப் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் தடவினேன். ஏழு இடத்தில் நுரை கிளம்பியது.

ஏழையும் அடைத்து முடித்தபோது மணி மூன்றேகால். டேங்க் நிரம்பி, கம்ப்ரஸர் தானாக நின்று மூச்சு வாங்கியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது மேடம். காத்து வழியில ஓடுது. புதுசு வேணாம்."

"இத்தன பேரு வந்தாங்க, ஒருத்தனும் பைப்ப தொடல" என்றார்.

இதுதான் கேட்க வேண்டிய நேரம் என்று தெரிந்தது. கையைத் துடைத்தேன். துடைத்த கையை மறுபடியும் துடைத்தேன். அவர் நகர்ந்து போக ஆரம்பித்தார்.

"மேடம்" என்றேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "வருஷம் முழுக்க நானே பாத்துக்கறேன். எனக்கே குடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு மாசம் பாருங்க. அப்புறம் சொல்றேன்."

வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வடையைத் தவிர.

"வருஷ கான்ட்ராக்ட்டா?"

"மூணு மாசம்."

அந்தப் பக்கம் மேஜை டிராயரை இழுக்கிற சத்தம் கேட்டது.

"லெட்டர் நான் எழுதி வெக்கறேன்" என்றாள். "நீ எழுதினா எழுத்துப் பிழைக்கே டிஸ்மிஸ் பண்ணிடுவான். வண்டிய பாத்து ஓட்டு."

வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு, நாலே முக்காலுக்கு லெட்டரை இன்சார்ஜ் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உக்காருப்பா, பேசலாம்" என்றார். பதினோரு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் லெட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.