ரெங்கசாமியோட அஞ்சாவது சக்கரம்

லயத்துப் பீலித் தண்ணியில ரெங்கசாமி ஒரு வேன் சக்கரத்துக்கு சோப்பு போட்டுக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை காலையில, வாளியோட அஞ்சாறு பொம்பளைங்க வரிசையில நிக்க, இவரு டயரோட ஒவ்வொரு வரியிலயும் வெரல விட்டு சேறு எடுக்குறாரு. அதுல சேறே கெடையாது. ரெண்டு வருசமா அது ரோட்டையே பாக்கல.

"மாமா, முதுகு தேச்சாச்சுன்னா கொஞ்சம் நகருங்க, நாங்களும் தண்ணி புடிக்கணும்"ங்குறா நிரஞ்சலா.

"இந்தா, தலை மட்டும் பாக்கி"ங்குறாரு.

ஸ்பிரிங்வெளி தோட்டத்துல அவரோட டொல்பின் வேனைத் தெரியாத ஆளு இல்ல. பதினாறு வருசம் ஓட்டுனாரு. பதுளை ஆஸ்பத்திரிக்கு வலியோட ஏறுன பொம்பளைங்க, நமுனுகுல வளைவுல வாந்தி எடுத்த மாப்பிள்ளைங்க, யாரு வீட்டுச் சம்பந்தம் எந்தச் சந்தியில முறிஞ்சது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எவ்வளவு கூட்டம் ஏறுனாலும் ஸ்பெயார் வீலை மட்டும் எறக்க மாட்டாரு. அந்த எடத்துல ரெண்டு மூட்டை போடலாமேன்னு யாராவது கேட்டா, "வழியில காத்து போச்சுன்னா மூட்டையவா மாட்டி ஓட்டுறது"ன்னுவாரு.

அப்பறம் சீனி வருத்தம் முத்தி கண்ணுப் பார்வைய மங்கடிச்சிருச்சு. லைசன் புதுப்பிக்கப் போன எடத்துல டாக்டரு எழுத்துப் பலகையக் காட்டுனாரு. இவரு முதல் வரிய மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தாரு. டாக்டரு மூணாவது வரியக் கேட்டுட்டாரு. வேன் பதுளைக் கடைக்காரரு முஸ்தாக் நானா கைக்குப் போச்சு.

விக்கிற கடுதாசிய ரெங்கசாமியே எழுதுனாரு. "வேனும் நாலு சக்கரமும்". அஞ்சாவது முந்துன நாளே கட்டிலுக்கு அடியில போயிருச்சு. நானா ரெண்டு மூணு தடவை கேட்டுப் பாத்தாரு. "அது பசறை ரோட்டுல எங்கயோ விழுந்துருச்சு நானா." நாலு ஓடுதே, போதும்னு நானாவும் புதுசு வாங்காம விட்டுட்டாரு.

சம்சாரம் சிவசக்தி அதுக்கு வச்ச பேரு சக்களத்தி. "என்னைய ஒரு நாளு இப்புடிக் குளிப்பாட்டியிருக்கீங்களா"ன்னு கேப்பா. இவரு டயரை இன்னொரு தரம் தொடைப்பாரு. கண்ணு ஆப்பரேசன் ஆயிட்டா வேனைத் திரும்ப வாங்கிறலாம், அதுவரைக்கும் ஒரு துண்டாவது நம்மகிட்ட இருக்கட்டும்னு ஒரு எண்ணம். மழை நாள்ல கட்டிலு ஓரமாத் தரையில உக்காந்து டயரை மோந்து பாப்பாரு. அந்த ரப்பர் வாசத்துல ஹாலிஎல எறக்கம் முழுசா வந்து போகும்.

அப்புடிப் போய்க்கிட்டு இருக்கயில பள்ளிக்கூடப் புள்ளைங்களோட ஓஎல் சோதனை நாளு வந்துச்சு. காலையில லயத்துக்குக் கீழ வளைவுல ஒரு சத்தம். பட், பட், பட். காத்து போன டயரு, பின்பக்கம், எடது. கண்ணு மங்குனாலும் காதுக்குத் தெரியும் அது எந்த வேன்னு. வேனுக்குள்ள தோட்டத்துப் பொட்டப்புள்ளைங்க எட்டுப் பேரு, கையில அட்மிசன் காட்டு. பஸ்ஸு போயி அரை மணியாச்சு.

ரெங்கசாமி வெத்தலைப் பொட்டியத் தொறந்தாரு. மூடுனாரு. சக்கரத்த எறக்குனா ரெண்டு வருசப் பொய்யி வெளிய வந்துரும். அதக்கூடத் தாங்கிக்கலாம். குடுத்துட்டா வேன் அங்க முழுசாயிரும், இங்க ஒண்ணுமே இருக்காது. சிவசக்தி கட்டிலை ஒரு பக்கம் தூக்கிப் புடிச்சா.

குறுக்குப் பாதையில சக்கரத்த உருட்டிக்கிட்டு வந்தவரைப் பாத்து முஸ்தாக் நானா இடுப்புல கைய வச்சாரு.

"பசறையில விழுந்தது மலையேறி வந்திரிச்சா அண்ணே?"

"தேடிக்கிட்டே இருந்தேன் நானா. இன்னைக்குத்தான் ஆம்புட்டுச்சு."

நானா திட்டல. ஜாக்கை எடுத்துக் குடுத்தாரு. ரெங்கசாமி நட்டெல்லாம் தடவியே கழட்டி, தடவியே பூட்டுனாரு. கடைசி நட்டை மட்டும் ரெண்டு தரம் பூட்டுனாரு. "நேரமாச்சு தாத்தா"ன்னு புள்ளைங்க சொன்னப்பறந்தான் கைய எடுத்தாரு.

"ஏறுங்க, டவுன் வரைக்கும் போய்ட்டு வருவோம்"னாரு நானா.

"டிரைவருக்குப் பக்கத்து சீட்டு எனக்குப் பழக்கமில்ல நானா. காத்து போனத வச்சிட்டுப் போங்க, பஞ்சர் போட்டு வக்கிறேன்."

"இதும் எங்கயும் விழுந்திராமப் பாத்துக்கங்க."

வேன் வளைவுல மறைஞ்சப்பறமும் நாலும் சரியா உருளுற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அது அடங்குனதும் ரெங்கசாமி காத்து போன சக்கரத்த நிமித்தி, ரோட்டோட எடது ஓரமாவே மெல்ல உருட்டிக்கிட்டு ஏறுனாரு. லயத்துக்குத் திரும்புற எடம் வந்துச்சு. முன்னாடி பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. ரெங்கசாமி வலது கைய வெளிய நீட்டி, சிக்னல் காட்டிட்டுத் திரும்புனாரு.